லீவு போனது ஒரு ஆளு, நைட் பாத்தது எட்டு பேரு: டாக்டர் மேல்படிப்பு (பிஜி) நடுவுல குழந்தை பெத்துக்கிட்ட ஒரு அக்காவோட கேஸ்

இது சூப்பர்மாம் கதை இல்ல, முதல்லயே சொல்லிடறேன். ஒரு கையில குழந்தை ஒரு கையில ஸ்டெத்னு போட்டோவோட அந்த மாதிரி நிறைய கிடைக்கும், அங்க போய் படிச்சுக்கோங்க. நான் அப்போ அந்த டிபார்ட்மென்ட்ல ஜூனியர்மோஸ்ட் ஏபி (அசிஸ்டண்ட் புரொஃபசர்), மாசாமாசம் டூட்டி ரோஸ்டர் போடற வேலை என் தலையில, அதனால இந்த கேஸ் எனக்குத் தெரிஞ்சது ரோஸ்டர் வழியாத்தான். தென் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவக் கல்லூரி, குழந்தைகள் நல மருத்துவம், மூணு வருஷ எம்டி. ஊர், வருஷம், ஆள் அடையாளம் எல்லாம் மறைச்சுத்தான் எழுதறேன், அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

அக்கா சர்வீஸ் கேண்டிடேட், அதாவது அரசு டாக்டரா வேலையில இருந்துக்கிட்டே அதுக்கான ஒதுக்கீட்டுல படிக்க வந்தவங்க. எம்பிபிஎஸ் முடிச்சு பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) மெடிக்கல் ஆபீசரா இருந்துட்டு சர்வீஸ் கோட்டால பிஜிக்கு வந்தவங்க (இந்த கோட்டாவை மாநிலங்கள் குடுக்கலாம்னு 2020 ஆகஸ்ட் 31ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னதுக்கு அப்புறம்தான் அது மறுபடி நிலைச்சுது). வர்றப்பவே முப்பது தாண்டிடுச்சு, வீட்டுல நாலு வயசுல ஒரு பொண்ணு. அவங்க பேட்ச்ல மத்த ரெண்டு பேரும் நேரா நீட் எழுதி வந்த சின்னப் பசங்க. வார்டுல எல்லார் முன்னாடியும் என்னை "சார்"ம்பாங்க, வெளிய டீக்கடையில "தம்பி". எனக்கு ரெண்டும் ஓகே.

"பிஜி முடிச்சிட்டு பெத்துக்கிட்டா என்ன"ன்னு இன்னமும் கேக்கறாங்க, அதுவும் டாக்டர்ங்களே கேக்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம், முடிக்கறப்போ 23 வயசு. நீட் பிஜி முதல் தடவையிலயே எல்லாருக்கும் கிடைக்காது. எம்டி மூணு வருஷம், டிஎம் (அதுக்கும் மேல சூப்பர் ஸ்பெஷாலிட்டி) போனா இன்னொரு மூணு வருஷம். எல்லாம் முடிச்சிட்டுதான்னு உக்காந்தா சுலபமா 30 தாண்டிடும், அதுக்கப்புறம் அதே டாக்டர்ங்கதான் மகப்பேறு ஓபில "ஏம்மா இவ்ளோ லேட்"னு கேப்பாங்க.

ரூல் என்ன சொல்லுது

இத வேகமா முடிச்சிடறேன், ஏன்னா ரூல்ல பெரிய சிக்கல் இல்ல. என்எம்சியோட (தேசிய மருத்துவ ஆணையம்) 2023 பிஜி ஒழுங்குமுறையில வருஷத்துக்கு 20 நாள் லீவு, வாரத்துக்கு ஒரு நாள் ஆஃப் (வேலை நெருக்கடியைப் பொறுத்துன்னு ஒரு வால் இருக்கு), மகப்பேறு லீவு அரசு விதிப்படி, ஆம்பளைங்களுக்கும் தந்தையர் லீவு அரசு விதிப்படி, 80 சதவீதம் அட்டெண்டன்ஸ், அனுமதிச்சதுக்கு மேல லீவு போனா அத்தனை நாள் கோர்ஸ் நீளும். மகப்பேறு பயன் சட்டம் 1961ல (2025 நவம்பர்ல இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு) 2017 திருத்தத்துக்கு அப்புறம் 26 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை 1ல இருந்து 12 மாசம், அதுக்கு முன்னாடி 9 மாசம். ஆக, காகிதத்துல நாம கஞ்சம் இல்ல. லீவு உண்டு, சம்பளத்தோட உண்டு.

அந்த லீவுல போனவங்க வேலையை யாரு பாக்கணும்னு மட்டும் எங்கயும் ஒரு வரி கிடையாது. இந்த கேஸ்ல நடந்த எல்லாமே அந்த இல்லாத வரியிலதான் வந்து நிக்குது.

ரோஸ்டர்

எங்க டிபார்ட்மென்ட்ல பேட்ச்சுக்கு மூணு பேர், மொத்தம் ஒன்பது பிஜி. ராத்திரிக்கு மூணு பாயிண்ட்: என்ஐசியூல (பச்சக்குழந்தைங்க தீவிர சிகிச்சை) ஒரு ஆள், பிஐசியூல (அதை விடப் பெரிய குழந்தைங்க தீவிர சிகிச்சை) ஒரு ஆள், கேஷுவால்ட்டியும் வார்டும் சேத்து ஒரு ஆள். 30 நாளுக்கு 90 நைட். ஒன்பதால வகுத்தா ஆளுக்கு 10. நைட்னா தனியா நைட் மட்டும் இல்ல, காலைல 8 மணிக்கு உள்ள வந்தா அடுத்த நாள் மத்தியானம் ரவுண்ட்ஸ் முடிச்சு டிஸ்சார்ஜ் எழுதி வெளிய போறப்போ 2 மணி, 30 மணி நேரம் ஓடிருக்கும். 1992 ஜூன் 5ல மத்திய அரசு போட்ட ரெசிடென்சி (பிஜிங்க ஆஸ்பத்திரில வேலை பாத்துக்கிட்டே படிக்கற பயிற்சி) உத்தரவுல தொடர்ச்சியா 12 மணி நேரத்துக்கு மேல கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம்னு இருக்கு. 2024ல என்எம்சி போட்ட தேசியப் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம், ஒரே மூச்சுல 24க்கு மேல வேணாம்னு பரிந்துரை பண்ணுச்சு. ரெண்டையும் எங்க பசங்ககிட்ட காட்டினா சிரிப்பாங்க.

இப்போ ஒரு ஆளை எடுங்க. 90 பை 8, ஆளுக்கு 11 சொச்சம். ஒரு நைட்தானே கூடுதுன்னு தோணும். ஆனா மூணாம் வருஷத்துக்காரங்க மூணு பேரும் எக்ஸாமுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நைட்ல இருந்து கழண்டுக்குவாங்க, அது எல்லா ஊர்லயும் எழுதாத சட்டம். அப்போ மிச்சம் ஆறு பேர், ஆளுக்கு 15. அதுல ஒருத்தர் லீவுன்னா அஞ்சு பேர், ஆளுக்கு 18. ஒரு நாள் விட்டு ஒரு நாளை விட அதிகம்! போஸ்ட் டூட்டி தூங்கி எந்திரிச்சா அடுத்த டூட்டி. எக்ஸாம் முடிஞ்சு மூணாம் வருஷம் வெளிய போனாலும் புது பேட்ச் உடனே வராது, கவுன்சிலிங் இழுக்கும். 2021 நீட் பிஜி ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் 11க்கு தள்ளிப்போய் கவுன்சிலிங் 2022 ஜனவரியிலதான் ஆரம்பிச்சுது, டெல்லில ரெசிடெண்ட்ஸ் ரோட்டுக்கே வந்தாங்க. 2024ல எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி தள்ளி வெச்சாங்க, ஜூன் 23 போய் ஆகஸ்ட் 11 ஆச்சு. இந்த இடைவெளில எந்த டிபார்ட்மென்ட்ல யாரு மாசமா இருந்தாலும் ரோஸ்டர் கிழியும்.

அக்கா கேஸ்ல ரெண்டும் சேந்து வந்துச்சு. டெலிவரி டேட் விழுந்தது மூணாம் வருஷத்துக்காரங்களோட எக்ஸாம் சீசன்ல.

அவங்க சீக்கிரமே சொல்லிட்டாங்க, அது பெரிய உதவி. நாலாவது மாசம் ரோஸ்டர் ரூமுக்கு வந்து "தம்பி, ஏழாவது மாசம் வரைக்கும் நைட் வரேன், அப்புறம் நைட் வேணாம், பதிலுக்கு எல்லா ஞாயித்துக்கிழமை பகலும் எனக்கே போடு, லேபர் ரூம்ல பிறக்கற குழந்தையைப் பாக்கக் கூப்பிடற காலும் பகல்ல நானே பாக்கறேன்"னாங்க. பெட்சைட் எக்ஸ்ரே எடுக்கறப்போ குழந்தையைப் பிடிக்கறது மட்டும் வேற யாராவதுன்னு அதோட சேத்துக்கிட்டோம். இது சலுகை கேக்கற பேச்சு இல்ல பாருங்க, யாவாரம். ஞாயித்துக்கிழமை பகல் யாருக்குமே பிடிக்காத டூட்டி, அத ஒருத்தர் மொத்தமா வாங்கிக்கறாங்கன்னா மத்தவங்க கணக்கு போட்டுப் பாத்துட்டு சரின்னுடுவாங்க. ஹெச்ஓடி (துறைத் தலைவர்) மேடம் ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டாங்க, அதையும் நான்தான் கேட்டு வாங்கினேன், ஏன்னா வாய்ப்பேச்சுல நின்ன ஏற்பாடு எந்த யூனிட்லயும் ரெண்டு மாசம் தாங்காது.

35வது வாரம் ஒரு சனிக்கிழமை என்ஐசியூல நின்னுட்டு இருந்தவங்களுக்கு தலைவலின்னு ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க பிபி பாக்க நினைச்சிருக்காங்க. என்ஐசியூல பெரியவங்களுக்கான கஃப் ஏது, லேபர் வார்டுல இருந்து வாங்கிட்டு வந்து கட்டினா 146/94. அரை மணி நேரம் கழிச்சும் கிட்டத்தட்ட அதே. அன்னைக்கே அட்மிஷன், அன்னைக்கே லீவு ஆரம்பம், மாசத்துல பாதி ரோஸ்டர் மிச்சம் இருந்துச்சு. அந்த பாதியை ராத்திரி 11 மணிக்கு உக்காந்து திருப்பிப் போட்டேன். 37 வாரத்துல பிரசவம், பையன், 2.6 கிலோ, ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க.

ஃபைல்

சர்வீஸ் பிஜின்னா ஸ்டூடண்டா எம்ப்ளாயியா? சம்பளம் குடுக்கற டைரக்டரேட் ஒரு பக்கம், படிக்கற காலேஜ் ஒரு பக்கம், எக்ஸாம் வெக்கற யுனிவர்சிட்டி ஒரு பக்கம். லீவு சாங்ஷன் ஒரு இடம், அட்டெண்டன்ஸ் இன்னொரு இடம், எக்ஸ்டென்ஷன் மூணாவது இடம். அரசு ஊழியர்ங்கற கணக்குல 12 மாசம் வரைக்கும் போலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அதே மூச்சுல எத்தனை மாசம் போறீங்களோ அத்தனை மாசம் கோர்ஸ் தள்ளும்னும் சொன்னாங்க. முழுசா போனா ஒரு பேட்ச் கீழ இறங்கணும். ஆறு மாசம்னா சப்ளிமெண்டரி சமயத்துல எழுதலாம். அக்கா ஆறு மாசம் எடுத்தாங்க. டிஎம் போற பிளான் அவங்களுக்கு இல்ல, அதனால ஆறு மாசத் தள்ளல் ஆறு மாசமாவே முடிஞ்சுது. நீட் எஸ்எஸ் (டிஎம்முக்கான நுழைவுத் தேர்வு) எழுதறவங்களுக்கு அப்படி இல்ல, கட் ஆஃப் தேதிக்குள்ள எம்டி முடிச்சிருக்கணும், ஆறு மாசம் தள்ளினா ஒரு வருஷமே போயிடும். நிறைய பொண்ணுங்க மூணு மாசத்துல ஓடி வர்றது இதனாலதான், வேலை மேல உள்ள பாசம்னு யாரும் தப்பா நினைச்சுக்க வேணாம்.

டீசிஸ்தான் (பிஜிக்கான ஆய்வுக் கட்டுரை) இன்னொரு தலைவலி. என்ஐசியூ குழந்தைங்கள ஃபாலோ பண்ற ஸ்டடி, ஆறு மாசம் ஆள் இல்லன்னா சாம்பிள் நின்னுடும். அவங்க கோ-பிஜி ஒருத்தன் ப்ரொஃபார்மாவை (ஸ்டடி விவரப் படிவம்) ஃபில் பண்ணிக் குடுத்தான், பதிலுக்கு அவனோட டீசிஸ் எக்செல் ஷீட்டை முழுக்க அக்கா வீட்டுல இருந்து கிளீன் பண்ணிக் குடுத்தாங்க. ஐசிஎம்ஆரோட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் (என்ஐஈ) நடத்தற அந்த ஆன்லைன் ரிசர்ச் கோர்ஸ் எல்லா பிஜியும் முடிச்சாகணும்ல, அதையும் லீவுல பையன் மடியில தூங்கறப்போ போன்ல 1.5 ஸ்பீடுல ஓட்டி முடிச்சாங்க. லீவுன்னு பேரு, ஓய்வுன்னு அர்த்தம் இல்ல.

வார்டுல இருந்தவங்க

இவங்கள பத்தி யாரும் எழுதறது இல்ல. 18 நைட் பாத்த அந்த அஞ்சு பேர். அதுல ஒருத்தன் மூணாவது வாரம் என்கிட்ட வந்து "சார், அக்கா மேல எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா நான் ஏன் சார்"னு கேட்டான். நியாயமான கேள்வி. அவன் ஒண்ணும் பொண்ணுங்களுக்கு எதிரானவன் இல்ல, ரெண்டு நாளா தூங்காதவன். இந்த மாதிரி சமயத்துல கோவம் லீவு போனவங்க மேலதான் திரும்பும், ஏன்னா ஆள் குடுக்காத சிஸ்டம் கண்ணுக்குத் தெரியாது, காலியா இருக்கற அக்கா பேரு ரோஸ்டர்ல தெரியும். அப்புறம் அதுவே "பொண்ணுங்க நம்ம யூனிட்டுக்கு வேணாம்"னு பேச்சா மாறும். வேற இடங்கள்ல என் காதால கேட்டிருக்கேன்.

அதே வருஷம் ஒரு பையன் பிஜியும் அப்பா ஆனான். அது நடந்ததே பாதி பேருக்குத் தெரியாது. மனைவிக்கு சிசேரியன், இவன் சிஎல் போட்டு மூணு நாள் போயிட்டு நாலாவது நாள் பிஐசியூல நின்னான். தந்தையர் லீவு ரூல்ல ஒரு வரி இருக்குன்னு நான் சொல்லித்தான் அவனுக்கே தெரியும், "இருக்கட்டும் சார், இப்போ போனா நல்லா இருக்காது"ன்னான். இவன் வீட்டுல அந்த நாள்ல யாரு குழந்தையைத் தூக்கினாங்க? இவன் மாமியார். அக்கா வீட்டுல? அக்காவோட அம்மா. ஆக தமிழ்நாட்டு ரெசிடென்சி நடக்கறதே சம்பளம் வாங்காத ஆச்சிமாருங்க தோள்லதான். ஆச்சி இல்லாத வீடு, ஆச்சிக்கு முட்டி வலி உள்ள வீடு, கல்யாணத்துக்கு வீட்டுல ஒத்துக்காம தனியா இருக்கறவங்க, அவங்கல்லாம் என்ன பண்ணுவாங்க?

திரும்பி வந்ததுக்கு அப்புறம்

எல்லாரும் லீவைப் பத்தித்தான் பேசுவாங்க, நிஜ கஷ்டம் திரும்பி வந்த அன்னைக்கு ஆரம்பிக்குது. பையனுக்கு ஆறு மாசம் ஆகப்போகுது. அக்கா காலைல போஸ்ட்நேட்டல் (பிரசவம் ஆனவங்க) வார்டுல நின்னு தாய்மாருங்ககிட்ட "ரெண்டு வயசு வரைக்கும் பால் குடும்மா"ன்னு சொல்லணும், சொல்லிட்டு 30 மணி நேரம் வீட்டுக்குப் போக முடியாது. எங்க ஆஸ்பத்திரில தாய்ப்பால் வங்கி உண்டு, தானமா வர்ற பாலை 62.5 டிகிரில அரை மணி நேரம் பாஸ்டரைஸ் பண்ணி என்ஐசியூ குழந்தைங்களுக்குக் குடுக்கறது. பால் எடுக்க தாய்மாருங்களுக்கு அங்க திரை போட்ட இடம் உண்டு. பிஜிக்கு டூட்டி ரூம்னு ஒண்ணு உண்டு, தாழ்ப்பாள் உடைஞ்சது, ஆம்பள பொம்பள எல்லாருக்கும் அதுவே. பால் வங்கி சிஸ்டர்தான் "மேடம் நீங்களும் தாய்தானே, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டாங்க. யாரும் ஆர்டர் போடல.

எடுத்த பாலை வெக்கறதுக்கு அக்கா ஒரு சின்ன ஐஸ் பாக்ஸ் வாங்கி வெச்சிருந்தாங்க. 25 டிகிரின்னா வெளிய நாலு மணி நேரம் தாங்கும், எங்க ஊரு மே மாசத்துல 25 டிகிரி ஏசிக்குள்ள மட்டும்தான். ஐஸ் பேக்கை ஃப்ரீசர்ல இருந்து எடுத்ததும் அப்படியே வெக்க மாட்டாங்க, காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாப்பாங்க, உள்ள தண்ணி சத்தம் கேட்டாத்தான் அடுக்குவாங்க. தடுப்பூசி உறைஞ்சிடக் கூடாதுன்னு பிஹெச்சில வேக்சின் கேரியருக்குப் பண்ற வேலை அது, பாலுக்குத் தேவையே இல்ல. சொன்னா "கை கேக்க மாட்டேங்குது தம்பி"ம்பாங்க. சிஸ்டர் பாட்டில்ல லேபிள் ஒட்டறப்போ மத்த குழந்தைங்களுக்கு எழுதற மாதிரியே "பி/ஓ (பேபி ஆஃப்) மேடம்"னு எழுதி டேட் டைம் போட்டுடுவாங்க. வீட்டுல பையன் பாட்டில் நிப்பிளைத் துப்பிட்டான், ஆச்சி பாலாடையில ஊத்திக் குடுத்தாங்க, அது எங்க என்ஐசியூலயும் தினம் நடக்கறதுதான்.

மகப்பேறு பயன் சட்டத்தோட 11வது பிரிவு, குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் தினம் ரெண்டு தடவை பால் குடுக்க இடைவேளை குடுக்கணும்னு சொல்லுச்சு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும்னு 2017 திருத்தம் சொல்லுச்சு. பிஜி அதுக்குள்ள வருவாங்களா மாட்டாங்களான்னு வக்கீலுங்க சண்டை போட்டுக்கட்டும், என்ஐசியூல ரெண்டு வெண்டிலேட்டர் ஓடறப்போ, அடுத்த ஆள் இல்லாதப்போ, அந்த இடைவேளையை எடுத்துக்காட்டுங்க பாப்போம். எங்க காப்பகம் 9 டு 5. ஆஸ்பத்திரி அப்படி இல்ல.

இங்க நாங்க ஒண்ணு பண்ணோம், அது ஓரளவு வேலை செஞ்சுது. முதல் மூணு மாசம் அக்காவுக்கு 30 மணி நேர டூட்டி கிடையாது, ராத்திரி 8 டு காலை 8 மட்டும், முடிஞ்சதும் வீட்டுக்கு. பகல் பாகத்தை இன்னொருத்தர் எடுத்துக்குவாங்க. நைட் எண்ணிக்கை மத்தவங்களுக்குச் சமமாவே இருந்துச்சு, அதனால யாரும் முணுமுணுக்கல. சொல்லப்போனா ரெண்டாவது மாசம் மத்தவங்களும் "சார் எங்களுக்கும் இப்படிப் போடுங்க"ன்னாங்க. போட ஆள் பத்தல.

அடி வாங்கினது கைக்குழந்தை இல்ல, பெரியவ. அவளைப் பத்தி யாருமே யோசிக்கல. எல்கேஜி படிக்கற பொண்ணு, அம்மா வீட்டுல இருந்த ஆறு மாசமும் தம்பிக்காக இருந்த மாதிரி அவளுக்கு, அப்புறம் அதுவும் போச்சு. ராத்திரி போன் பண்ணா பேச வர மாட்டா. ஒரு நாள் அக்கா ஓபில உக்காந்திருக்காங்க, வரிசையில ஆச்சி நிக்கறாங்க, கையில ஓபி சீட்டு, பக்கத்துல காய்ச்சலோட பொண்ணு. நேரா உள்ள கூட்டிட்டு வரலாம்ல ஆச்சின்னு கேட்டதுக்கு, அவதான் வரிசையில நின்னு வரணும்னு அடம் பிடிச்சாளாம், அப்போதான் அம்மா முழுசா பாப்பாங்களாம். அக்கா அவளை உக்கார வெச்சு தொண்டை, காது, நெஞ்சு எல்லாம் பொறுமையா பாத்துட்டு பாராசிட்டமால் எழுதிக் குடுத்தாங்க. சாதா வைரல்தான்.

டிஆர்பி (மாவட்ட ரெசிடென்சி) நல்ல காலமா அமைஞ்சுது. மூணு, நாலு, அஞ்சாவது செமஸ்டர்ல ஏதோ ஒண்ணுல மூணு மாசம் மாவட்ட மருத்துவமனைக்குப் போகணும்ல, அக்காவுக்கு அது கடைசியில, அவங்க அம்மா ஊர் இருக்கற மாவட்டத்துலயே கிடைச்சுது. வேலை நேரம் அங்க மனுஷ அளவுல இருக்கும். அந்த மூணு மாசம் பொண்ணு அம்மாகூடவே படுத்துக்கிட்டா. டிஆர்பியை லேட்டா போடறது, ஊர் பாத்துப் போடறது, இது காசு செலவில்லாம டிபார்ட்மென்ட் பண்ணக்கூடிய விஷயம், ஆனா சீட்டு குலுக்கிப் போடற இடங்கள்தான் அதிகம்.

எக்ஸ்டென்ஷன் யாருக்கு லாபம்

அக்கா ஆறு மாசம் கூடுதலா வேலை பாத்தாங்க. அந்த ஆறு மாசம் ரோஸ்டர்ல ஒரு ஆள் அதிகம், எல்லாருக்கும் நைட் குறைஞ்சுது. ஆனா யாருக்கு? 18 நைட் பாத்தவங்கள்ல சீனியருங்க அதுக்குள்ள முடிச்சிட்டுப் போயாச்சு. லாபம் பாத்தது அப்போ வந்த புதுப் பசங்க. கடன் குடுத்தவன் ஒருத்தன், வட்டியோட வாங்கினவன் இன்னொருத்தன். எக்ஸ்டென்ஷனுக்கு "பயிற்சி முழுமையா இருக்கணும்"னு ஒரு நியாயம் சொல்றாங்க, அதை நான் முழுசா தள்ளல, கை வேலை பழகணும்தான். ஆனா வேலைப் பளுவை அது ஈடு கட்டுதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

அமெரிக்காவுல கணக்கு வேற மாதிரி. அங்க லீவு ரொம்பக் கம்மி. ஸ்பெஷாலிட்டி போர்டுகளோட கூட்டமைப்பு 2021 ஜூலைல இருந்து, பயிற்சிக் காலத்துல ஒரு தடவை ஆறு வாரம் லீவு எடுத்தா கோர்ஸ் நீளக் கூடாதுன்னு கொண்டு வந்தாங்க, 2022 ஜூலைல இருந்து அந்த ஆறு வாரத்துக்கு முழுச் சம்பளம்னு ஏசிஜிஎம்இ (அங்க ரெசிடென்சிக்கு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு) சேத்துச்சு, அப்பாவா இருந்தாலும் அம்மாவா இருந்தாலும். நம்ம ஊர்ப் பசங்க அங்க ரெசிடென்சி பண்றவங்க ஆறு வாரத்துல திரும்பிப் போயிட்டு, இங்க இருந்து அம்மாவை விசிட்டர் விசால கூட்டிக்கறாங்க. மறுபடி ஆச்சிதான். நாம நீளமா லீவு குடுத்து கோர்ஸை நீட்டறோம், அவங்க குட்டியா குடுத்து கோர்ஸைத் தொடாம விடறாங்க. என்னைக் கேட்டா ஆறு வாரம் கொடுமை, ஆனா அதோட தண்டனை இல்லன்னு எழுதி வெச்சது சரி. மூணு வருஷ எம்டில 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் போதும்னா மிச்சம் 20 சதவீதம் 31 வாரம், 26 வாரம் அதுக்குள்ளயே அடங்குது. லாக்புக்ல ப்ரொசீஜர் எண்ணிக்கை முடிச்சிருக்காங்களா, கைடு திருப்தியா, பாத்துட்டு பேட்ச்சோடயே எழுத விடலாம்.

அக்கா சப்ளிமெண்டரில எழுதி பாஸ் ஆயிட்டாங்க. இப்போ ஒரு தாலுகா ஆஸ்பத்திரில பீடியாட்ரிஷியன், பையன் ப்ரீ-கேஜி போறான்.

டிபார்ட்மென்ட்ல மாறினது ரெண்டு. டூட்டி ரூம் தாழ்ப்பாள் மாத்தியாச்சு, உள்ள ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், பிஜி எல்லாரும் காசு போட்டு வாங்கினது. பிரசவத்துக்கு அப்புறம் மூணு மாசம் 12 மணி நேர நைட்ங்கறது ஹெச்ஓடி கையெழுத்தோட எழுத்துல இருக்கு, அதைக் காட்டித்தான் இப்போ ரெண்டாம் வருஷத்துல இருக்கற ஒரு பொண்ணுக்கு ரோஸ்டர் பேசிட்டு இருக்கோம். யாராவது மகப்பேறு லீவு போனா அந்த மாசங்களுக்கு மட்டும் ஒப்பந்தத்துல ஒரு சீனியர் ரெசிடெண்ட் (பிஜி முடிச்ச டாக்டர்) குடுங்கன்னு அக்கா காலத்துலயே டிபார்ட்மென்ட்ல இருந்து லெட்டர் போச்சு. அதுக்கு மேலிடத்துல இருந்து "தற்போதுள்ள பணியாளர்களைக் கொண்டு சமாளிக்கவும்"னு பதில் வந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு தேதி நவம்பர், ரோஸ்டர்ல ஆளுக்கு எத்தனை நைட் வரும்னு மாசவாரியா அட்டவணை போட்டு அதே லெட்டரோட இணைச்சு மறுபடி அனுப்பிருக்கோம்.